1470-கள் இங்கிலாந்து நைட் வேஷத்துக்கு எந்த செயின் போடலாம்?

1470 வாக்குல இங்கிலாந்து நைட்டா வேஷம் போடறீங்க, கழுத்துல கிராண்டா ஒரு செயின் வேணும்னு கேட்டிருக்கீங்க. அப்போ அங்க லங்காஸ்டர், யார்க்னு ரெண்டு ராஜ குடும்பங்கள் சிம்மாசனத்துக்காக சண்டை போட்டுட்டு இருந்தாங்க, முதல்ல நீங்க எந்தப் பக்கத்து ஆள்னு முடிவு பண்ணுங்க, அந்தக் காலத்துல இது கட்சித் துண்டு மாதிரி, பார்த்ததுமே யாரோட ஆள்னு தெரிஞ்சிடும்.

லங்காஸ்டர் பக்கம்னா எஸ் (S) எழுத்தை வரிசையா வச்ச காலர், அதாவது தோள் மேல படர்ற பட்டையான செயின், தோல் இல்லேன்னா பட்டுப் பட்டையில வெள்ளி எஸ் பதிச்சு செஞ்சா பழைய லுக் அப்படியே வரும், மாடல் வேணும்னா லண்டன் சதர்க் கதீட்ரல்ல கவிஞர் ஜான் கோவரோட கல்லறைச் சிலை கழுத்துல இன்னைக்கும் இருக்கு. யார்க் பக்கம்னா சூரியனும் ரோஜாவும் மாறி மாறி வரும், அதுல தொங்குறது யார்க் குடும்பத்து ராஜா நான்காம் எட்வர்டோட ஆளுங்களுக்கு வெள்ளைச் சிங்கம். வெள்ளைப் பன்றி தொங்கவிட்டா அது எட்வர்டோட தம்பி மூணாம் ரிச்சர்டு கோஷ்டி, அவர் ராஜாவானதே 1483-லதான்.

கோல்டன் ஃப்ளீஸ் செயின் செமையா இருக்கும், ஆனா வேணாம். 1430-ல பர்கண்டி டியூக் (பிரபு) பிலிப் ஆரம்பிச்ச ஆர்டர், அதாவது நைட்டுகளோட கௌரவ சங்கம் அது, எட்வர்டு ராஜா மாதிரி ஆளுங்கதான் மெம்பர், சாதா நைட்டுக்கு ஓவர். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த ரோஜா பென்டன்ட்டும் வாங்கிடாதீங்க, 1485-க்கு அப்புறம் ஆட்சிக்கு வந்த டியூடர் ராஜ குடும்பத்து சமாச்சாரம் அது.

போடும்போது தோள் மேல படர்ந்து உக்காரணும், நழுவுச்சுன்னா உள்பக்கமா ரெண்டு தையல் போட்டுக்கோங்க.