சாயங்காலமானா கால் வீங்குது, தண்ணிய குறைக்கலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 41 வயசு, எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கற நரம்பு நோய்) வந்து 9 வருஷம் ஆச்சு. நடை கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு இப்போ பெரும்பாலும் வீல்சேர்தான். ஒரு வருஷமா சாயங்காலமானா ரெண்டு பாதமும் கணுக்காலும் வீங்கிடுது, விரலால அமுக்குனா குழி விழுது, காலைல எந்திரிச்சா பாதி வத்தியிருக்கு. தண்ணிய குறைச்சு குடின்னு வீட்ல சொன்னாங்க, குறைச்சிட்டேன், வீக்கம் போகல, ராத்திரி நாலு தடவ பாத்ரூம் போறதும் நிக்கல. இது எம்எஸ்ஸாலதான் வருதா? நீர் மாத்திரை கேட்டு வாங்கிக்கட்டுமா?

பதில்: தங்கச்சி, முதல்ல தண்ணிய பழையபடி குடிக்க ஆரம்பிங்க. உங்க கால்ல நிக்கிற நீர் நீங்க அதிகமா குடிச்சதால வந்தது இல்ல, கீழ இறங்குனது மேல ஏற வழியில்லாம தேங்கி நிக்குது, அவ்வளவுதான். இதயம் ரத்தத்த பாதம் வரைக்கும் தள்ளி விட்டுடும், ஆனா அங்கிருந்து திரும்பி மேல வரணும்னா கெண்டைக்கால் சதை சுருங்கி சுருங்கி ரத்தக்குழாய பிழிஞ்சு விடணும், நடக்கறவங்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் அது தானா நடக்குது, நமக்கு எம்எஸ் அந்த சதைக்குப் போற உத்தரவயே பலவீனமாக்கிடுது. அதனால நோய் நேரா வீக்கத்த உண்டாக்கலேன்னாலும் காரணத்த அதுதான் கொண்டு வருது. எனக்கும் எம்எஸ்தான், சாயங்காலம் செருப்பு பட்டை பதிஞ்ச தடத்த தினமும் பாத்தவ நான், அதனால இத சும்மா சொல்லல.

ஆனா எல்லா வீக்கத்தயும் எம்எஸ் தலையில கட்டிடக் கூடாது, இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஏன்னா நம்ம விஷயத்துல டாக்டர்களும் சில சமயம் அப்படி விட்டுடறாங்க. ஒரு தடவையாவது இதயம், கிட்னி, லிவர், தைராய்டு பாத்துடுங்க, யூரின்ல புரோட்டீன் போகுதான்னும் பாக்கணும். அப்புறம் நீங்க சாப்பிடற மாத்திரை லிஸ்ட்ட எடுத்து வெச்சு உக்காருங்க. நரம்பு வலிக்குக் குடுக்கற கேபாபென்டின், பிரிகாபலின், அசதிக்குக் குடுக்கற அமன்டடின், பிபிக்குக் குடுக்கற அம்லோடிபின், இதெல்லாமே கால் வீக்கம் கொண்டு வரக்கூடியது. ஸ்டீராய்டு டிரிப் போட்ட சமயத்துலயும் உடம்பு உப்பையும் நீரையும் பிடிச்சு வெச்சுக்கும். மாத்திரை ஆரம்பிச்ச மாசத்துக்கும் வீக்கம் ஆரம்பிச்ச மாசத்துக்கும் பொருத்தம் இருக்கான்னு பாத்து டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க, கேபாபென்டின் பிரிகாபலின் எல்லாம் திடீர்னு நிறுத்துனா வேற தொல்லை வரும்.

நீர் மாத்திரை வேண்டாம்னுதான் சொல்லுவேன். இதயத்துலயோ கிட்னிலயோ கோளாறு இருந்து டாக்டர் எழுதிக் குடுத்தா அது வேற கதை, உக்காந்தே இருக்கறதால வர்ற வீக்கத்துக்கு அதனால பெருசா பிரயோஜனம் கிடையாது, ஏற்கனவே அவசரமா ஓடற பிளாடர இன்னும் விரட்டும். தண்ணி குறைச்சாலும் அதே கதிதான், யூரின் அடர்த்தியாகி பிளாடர உறுத்தும், மலச்சிக்கல் வரும், இன்ஃபெக்ஷன் வந்துச்சுன்னா எம்எஸ் அறிகுறி எல்லாமே ஒரு சுத்து கூடிடும். உப்ப குறைக்கறது மட்டும் நல்லது, உலக சுகாதார நிறுவனமே எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னுதான் சொல்லுது.

ராத்திரி நாலு தடவைக்கும் இந்த வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கு தெரியுமா? பகல் முழுக்க கால்ல தேங்குன நீர் நீங்க படுத்த உடனே ரத்தத்துக்குத் திரும்பி வருது, கிட்னி அத யூரினா தள்ளுது, நீங்க தூக்கத்த விட்டு எந்திரிக்கிறீங்க. அந்த நீர படுக்கப் போறதுக்கு முன்னாடியே கால்ல இருந்து வடிச்சிடணும். மத்தியானத்துக்கு மேல, ஒரு நாலு மணி வாக்குல, அரை மணி நேரமாச்சும் கட்டில்ல படுத்து காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வைங்க. முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டு அதுமேல கால நீட்டறது பத்தாது, அது இன்னும் இதயத்துக்குக் கீழதான் இருக்கு. தலையணைய கெண்டைக்கால் முழுக்கத் தாங்கற மாதிரி வைங்க, குதிகால் காத்துல நிக்கட்டும், குதிகால் அழுந்துனா புண் வரும், உணர்ச்சி கம்மியா இருந்தா அது தெரியவும் தெரியாது. கால நீட்டுனா வெடுக்குன்னு இழுக்குதுன்னா முட்டிக்குக் கீழ ஒரு சின்ன தலையணை. இத நான் விடாம செஞ்சதுல ராத்திரி எந்திரிக்கிறது நாலுல இருந்து ரெண்டாச்சு, உங்களுக்கு எவ்வளவு குறையும்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டு வாரம் செஞ்சு பாருங்க.

மணிக்கு ஒரு தடவ பாதத்த மேலயும் கீழயும் பத்து பதினஞ்சு முறை ஆட்டுங்க, சொந்தமா முடியலைன்னா வீட்ல யாராச்சும் பிடிச்சு மெதுவா ஆட்டி விடட்டும், அதுவும் கணக்குலதான். வீல்சேர் சீட்டோட முன் விளிம்பு முட்டிக்குப் பின்னாடி அழுத்துதான்னு பாருங்க, ரெண்டு விரல் போற இடைவெளி இருக்கணும். நாற்காலியிலயே தூங்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

வெந்நீர்ல கால் வைக்கச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. சூடு ரத்தக் குழாய விரிக்கும், வீக்கம் கூடும், சூட்டுல எம்எஸ் அறிகுறி கூடறது நமக்குத் தெரிஞ்சதுதான், உடம்ப வருத்தி வேலை செஞ்சா எம்எஸ்காரங்களுக்குப் பார்வை மங்குறத 1890லயே ஊட்டாஃப்னு ஒரு கண் டாக்டர் எழுதி வெச்சிருக்கார். நான் ஒரு தடவ கேட்டு வெச்சேன், சூடு கால்ல தெரியல, எடுத்துப் பாத்தா கொப்புளம், ஆற மூணு வாரம் ஆச்சு.

கேள்வி: என் மனைவிக்கு 15 வருஷமா எம்எஸ். ரெண்டு நாளா இடது கால் மட்டும் வீங்கி லேசா சூடா இருக்கு, வலி இல்லைங்கறாங்க. அடுத்த வாரம் செக்கப் இருக்கு, அப்ப காட்டுனா போதுமா?

பதில்: சார், உங்க கடிதம் கைக்கு வந்த உடனே போன்ல சொல்லிட்டோம், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். போதாது. ஒரு கால் மட்டும் புதுசா வீங்குனா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். ஆழத்துல இருக்கற ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், டிவிடின்னு சொல்லுவாங்க, அசையாம இருக்கற கால்ல அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, ஸ்கேன் பண்ணாதான் தெரியும். வலி இல்லைங்கறத நம்பி உக்காராதீங்க, நம்ம கால்ல வலி தெரியாமலே போகலாம். தேய்ச்சு விடாதீங்க, மசாஜ் வேண்டாம். மூச்சு திணறுனாலோ நெஞ்சு வலிச்சாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, உறைஞ்ச ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். கால் சிவந்து பரவி காய்ச்சலும் இருந்தா தோல் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அதுக்கும் தாமதம் கூடாது.

கேள்வி: இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் நானே கடையில வாங்கிப் போட்டுக்கலாமா?

பதில்: அளவெடுக்காம போடாதீங்க. காலுக்குப் போற ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு முதல்ல செக் பண்ணணும், அது குறைவா இருக்கற கால்ல இறுக்குனா ஆபத்து. பெட்டி மேல போட்டிருக்கற 15–20, 20–30ங்கறது அழுத்தத்தோட அளவு, எது உங்களுக்குன்னு டாக்டரோ பிசியோவோ சொல்லட்டும். போடறது காலைல, வீக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, படுக்கையில இருந்து கால கீழ வைக்கறதுக்குள்ள. ராத்திரி கழட்டிடுங்க. கைக்கு ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கிட்டு இழுத்தா பிடி கிடைக்கும், இருந்தாலும் கை பலவீனமானவங்களுக்கு இதுலயே பாதி நாள் சக்தி போயிடும், அதனால வீட்ல ஒருத்தர் கத்துக்கிட்டு போட்டு விடறதுதான் நியாயம். மேல் விளிம்ப மடிச்சு விடாதீங்க, சுருண்டு நின்னா அங்க கயிறு கட்டுன மாதிரி ஆகிடும். கழட்டுன உடனே கண்ணாடி வெச்சு குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்க, சிவப்பா பதிஞ்ச இடம் அரை மணி நேரத்துல மறையலேன்னா மறுநாள் அந்தக் கால்ல போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.