டீபக்கர் ஆளுக்கொரு பேச்சுப் பேசுவது ஏன்?

கேள்வி: சி மொழியில் நான் எழுதிய லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு கணுவும் அடுத்ததைச் சுட்டும் பட்டியல்) நிரல், உபுண்டுவில் ஜிடிபி என்ற டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) ஓட்டினால் ஒழுங்காக முடிகிறது. விண்டோஸில், விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டினால் பட்டியலின் கடைசிக் கணுவைத் தாண்டும்போது விழுந்துவிடுகிறது. தோழியின் புதிய மேக்புக்கிலோ ஜிடிபி நிரலைத் தொடங்கவே மறுக்கிறது. இவற்றில் எதை நம்புவது?
– கணினி அறிவியல் மாணவி ஒருவர்

பதில்: விண்டோஸ் சொல்வதை நம்புங்கள். நிரல் விழுந்த இடத்தில் ‘நெக்ஸ்ட்’ பாயிண்டரின் (அடுத்த கணுவின் முகவரியை வைத்திருக்கும் மாறியின்) மதிப்பைப் பாருங்கள். ‘சிடி’, ‘சிடி’ (CD) என்று ஒரே ஹெக்ஸ் எண் அடுத்தடுத்து வந்திருந்தால், கடைசிக் கணுவின் நெக்ஸ்டில் நீங்கள் எதையும் எழுதவில்லை என்று பொருள். டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கென உருவாக்கும் நிரல் வடிவத்தில்), நினைவகம் ஒதுக்கும் மால்லாக் தரும் இடத்தின் ஒவ்வொரு பைட்டிலும் மைக்ரோசாஃப்டின் சி நூலகம் அந்த எண்ணை வேண்டுமென்றே நிரப்பி வைக்கிறது. (பயனர்களுக்குத் தரும் ரிலீஸ் பில்டில் இந்த உதவி கிடையாது.) உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸிலோ, இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதிதாகத் தரும் நினைவகப் பக்கங்கள் பூச்சியங்களால் நிறைந்தவை என்பதால், நீங்கள் எழுத மறந்த நெக்ஸ்ட் தற்செயலாக நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆகிவிடுகிறது, லூப்பும் நல்ல பிள்ளையாக நின்றுவிடுகிறது. ஃப்ரீ செய்த (திருப்பிக் கொடுத்த) இடமே மறுபடி ஒதுக்கப்படும்போது, அதில் கிடக்கும் பழைய குப்பையால் உபுண்டுவிலும் நிரல் விழக்கூடும்.

கணுவை உருவாக்கும் வரியை அடுத்து நெக்ஸ்டுக்கு நல் கொடுங்கள். அதற்கு முன், பழைய நிரலை, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்டில் ‘ட்ராக்-ஆரிஜின்ஸ்’ விருப்பத்துடன் ஒருமுறை ஓட்டினால், மதிப்பிடப்படாத அந்த நினைவகம் எந்த மால்லாக் வரியில் பிறந்தது என்பதையே அது காட்டிவிடும். லினக்ஸில் ஜிடிபி தன் கீழ் ஓடும் நிரலுக்கு முகவரிக் குலுக்கலை (ஒவ்வோர் ஓட்டத்திலும் நினைவக முகவரிகளை மாற்றிவைக்கும் ஏற்பாட்டை) இயல்பாகவே நிறுத்திவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜிடிபிக்கு வெளியே விழும் நிரல் அதனுள்ளே விழாமல் போக்குக் காட்டினால், ‘செட் டிசேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்’ என்று கொடுத்து ஓட்டுங்கள்.

மேக்கில் நடப்பது வேறு கதை. அங்கே உங்கள் நிரல்மீது குற்றமில்லை. இன்னொரு நிரலைக் கட்டுப்படுத்த மேக் ஓஎஸ் தனி அனுமதி கேட்கும். இன்டெல் மேக்கில் ஜிடிபிக்குச் சான்றிதழால் கையொப்பமிட்டு அந்த அனுமதியைப் பெறலாம். ஆப்பிளின் சொந்தச் சிப்பு உள்ள மேக்புக் என்றால் அதில் மல்லுக்கட்ட வேண்டாம், ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்பான எக்ஸ்கோடுடன் வரும் எல்எல்டிபி டீபக்கரையே பயன்படுத்துங்கள். ஜிடிபியில் பழகிய ஆர் (ரன்), என் (நெக்ஸ்ட்), எஸ் (ஸ்டெப்) ஆகிய சுருக்கக் கட்டளைகள் அதிலும் செல்லும்.