13 மார்க் எடுத்த அப்பாவும் ஆறாத சந்தேகங்களும்

படுக்கைப் புண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் வார்டு சிஸ்டராகப் பல வருடம் ஓடியவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து: பக்கவாதம் வந்த அப்பாவின் கேஸ் ஷீட்டில் 'பிரேடன் 13' என்றிருக்கிறது. நல்லதா?

பிரேடன் என்பது படுக்கைப் புண் வரும் ஆபத்துக்குப் போடும் மார்க். பரீட்சை மாதிரிதான், குறைந்தால் கெட்டது. வலி உணர்வு, ஈரம், நடமாட்டம், தானாகப் புரள்வது, சாப்பாடு, உராய்வு என்று ஆறு பாடம். மொத்தம் 23. 18க்கு வந்தாலே கவனம் வேண்டும். 13 நடுத்தர ஆபத்து. ஆனால் எந்தப் பாடத்தில் மார்க் போனது என்று நர்ஸிடம் கேளுங்கள், அதுதான் முக்கியம். ஈரத்தில் போயிருந்தால் டயப்பரைக் கவனிக்கணும். புரள்வதில் என்றால் ஆள் வைத்துத் திருப்பணும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

வேளச்சேரியிலிருந்து: மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அம்மா நடந்தேதான் போனார். அன்று பிரேடன் 21, பயமில்லை என்றார்கள். இப்போது குதிகாலில் கருநீலமாக இருக்கிறது.

அந்த 21 நடந்து போன அம்மாவின் மார்க். ஆபரேஷன் ஆனதும் திரும்பப் போட்டிருக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, ஐசியூவுக்கு மாறினாலோ அப்படித்தான். கருநீலம் என்றால் உள்சதை அடிபட்டிருக்கலாம். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தேய்க்காதீர்கள். ஆபரேஷன் ஆன கால் என்பதால், குதிகால் மெத்தையில் படாமல் எப்படித் தூக்கி வைப்பது என்று அவரையே கேளுங்கள்.

ராயபுரத்திலிருந்து: தோல் சிவந்தால் ஆபத்து என்கிறார்கள். எங்கள் பாட்டி நல்ல கறுப்பு. எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம் ஊர் நிறத்துக்கு அது பாதிதான் உதவும், அதுவும் டியூப்லைட் வெளிச்சத்தில்! ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடா, கெட்டியா, கொழகொழப்பா என்று ஒப்பிடுங்கள். தொட்டதும் பாட்டி முகம் சுளித்தால் அதுவும் அறிகுறிதான். பார்க்க வேண்டிய இடங்கள்: வால் எலும்பு, இடுப்பு, குதிகால், அப்புறம் ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்பக்கம். இதை எல்லோரும் மறப்பார்கள்.

தாம்பரத்திலிருந்து: ஏர் பெட் வாங்கியாச்சு. இனியும் திருப்பணுமா?

திருப்பணும். நடுவில் ஓட்டை போட்ட ரிங் மட்டும் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

அதே வீட்டிலிருந்து: ரப்பர் ஷீட்?

மே மாத வெயிலில் ரப்பர் ஷீட்டில் அரை மணி நேரம் நீங்கள் படுத்துப் பாருங்கள்.