லாயத்து ரப்பர் மேட் நகர்ந்துகொண்டே இருக்கிறதா?

கேள்வி: குதிரை லாயத்தில் ரப்பர் மேட் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் இணைப்புகளில் இடைவெளி விழுந்துவிட்டது. வாசல் பக்கம் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரூ அடித்துவிடலாமா, அல்லது பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். குதிரை மிதிக்கும்போது ரப்பர் அமுங்கும். ஸ்க்ரூவின் தலை அமுங்காது. நாளாவட்டத்தில் அது மேலே எழும்பி நிற்கும். குளம்பின் அடியில் ஆழமாகக் குத்தினால் எலும்பு, மூட்டு வரை சீழ் பிடிக்கலாம். பசையும் எனக்குச் சரிப்படவில்லை. இணைப்பு வழியே சிறுநீர் எப்படியும் கீழே இறங்கும். ஒட்டிய மேட்டைத் தூக்கிக் கழுவ முடியாது. அம்மோனியா நெடி லாயத்திலேயே தங்கி, குதிரையின் மூச்சுக்குழலைக் கெடுக்கும்.

முக்கால் அங்குலத் தடிமனில் 4 அடிக்கு 6 அடி மேட் ஒன்று ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். அவ்வளவு கனமானது நகர்கிறது என்றால், ஒன்று அது நகர இடம் இருக்கிறது, இல்லையென்றால் அடித்தரை சமமாக இல்லை. பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.

தூக்கிக்கொண்டிருக்கும் அந்த மூலையைப் புரட்டிப் பாருங்கள். மரத்தூளோ வைக்கோலோ ஈரத்தில் இறுகி, ஆப்பு வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும். சின்ன இடைவெளி விழுந்ததும் அதற்குள் தூள் இறங்குகிறது; குதிரை மிதிக்க மிதிக்க மேட் இன்னும் விலகுகிறது. மேலிருந்து தட்டிச் சேர்த்தால் நிற்காது. எல்லா மேட்டையும் எடுத்து, அடியைச் சுத்தமாகப் பெருக்குங்கள்.

மண் தரையென்றால் மூன்று, நான்கு அங்குலத்துக்குக் கல்தூள் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வெறும் மணல் போடாதீர்கள். மிதிபட்டால் ஒதுங்கி, பள்ளம் விழும். கான்கிரீட் தரையென்றால் கழுவிக் காயவிட்டாலே போதும்.

அப்புறம் அளவு. சுவருக்குச் சுவர் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தால் மேட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் ரப்பர் வெயிலில் விரியும். குளிர்ந்த நேரத்தில் இறுக்கமாக வெட்டிப் போட்டால் கோடையில் நடுவில் புடைக்கும். அதனால் ஓரிரு நாள் லாயத்திலேயே விரித்து வைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டும் கோட்டுக்கு அடியில் ஒரு மரச்சட்டம் வைத்தால் கீறல் விரிந்து கொடுக்கும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே கோட்டில் பலமுறை கீறுங்கள்.

வாசலில்தான் கவனம் அதிகம் வேண்டும். தீவனத்துக்குக் காத்திருக்கும் குதிரை அங்கேதான் முன்காலால் பறிக்கும். அந்தப் பக்கம் மேட்டைத் தடுக்கச் சுவரும் கிடையாது. முழு மேட்டை வாசலில் போட்டு, வெட்டிய துண்டுகளைப் பின்சுவர் பக்கம் தள்ளுங்கள். நிலைப்படியில் மேட்டின் உயரத்துக்கே ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே பதித்துவிட்டால் மேட் வெளியே வழுகாது. உங்களுக்கு அந்தச் சட்டம் ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும் என்று நினைக்கிறேன்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், ஓரங்களில் பல் வைத்துக் கோத்துக்கொள்ளும் வகை நல்லது. இருப்பதை அதற்காக மாற்ற வேண்டியதில்லை. சுருண்ட மூலையைத் தலைகீழாகப் புரட்டி, மேலே பாரம் வைத்து வெயிலில் போடுங்கள். அப்படியும் படியவில்லையென்றால், தயங்காமல் அந்த ஒரு மேட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்.