பழைய மோரிஸ் மைனர்: முதலில் புஷ் மாற்றுவதா, துருவை வெட்டுவதா?

கேள்வி கேட்டவர் மலேசியாவில் பட்டர்வொர்த்காரர். அப்பா ஓட்டிய 1960-களின் மோரிஸ் மைனர் கார் வீட்டில் நிற்கிறதாம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம், கதவுக்குக் கீழே துரு. கையில் உள்ள பணத்துக்கு முதலில் சஸ்பென்ஷன் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் பாகங்களின் மூட்டில் இருக்கும் ரப்பர்) மாற்றலாமா, பாடி வேலை பார்க்கலாமா என்கிறார்.

பாடிதான் முதலில். அதிலும் வெளியே தெரிகிற துரு அல்ல, அடியில் ஒளிந்திருக்கிற துரு. நானும் பினாங்கில் ஒரு மைனர் 1000 வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மைனர் சலூனுக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. வேனுக்கும் பிக்கப்புக்கும்தான் தனிச் சட்டம். சலூனில் தரைத்தகடு, சில் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு), கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) எல்லாம் சேர்ந்ததுதான் எலும்புக்கூடு. முன்சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பாரின் (முறுக்கில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) பின்நுனி, முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பரில்தான் பிடித்திருக்கிறது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தொங்குவதும் அடித்தகட்டோடு சேர்த்து வெல்ட் செய்த இடங்களில்தான். அந்தத் தகடு போயிருந்தால் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் பயனில்லை. கறையான் அரித்த கதவு நிலையில் புதுக் கீல் அடித்த கதைதான்.

சோதிக்கச் செலவு ஒன்றும் இல்லை. கிராஸ் மெம்பரின் இரண்டு முனையிலும் ஜாக்கி வைக்கும் இடம் இருக்கிறது. அங்கே ஜாக்கி ஏறும்போது காடி (கார்) எழும்பாமல் தகடு நெறிகிறதா என்று பாருங்கள். காடி எழும்பினால் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் சரியாக மூடிய கதவு ஜாக்கியில் இடித்தால் சில் பலமிழந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் ஆள் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்டு வைத்தே ஆகவேண்டும். அப்புறம் பின்சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கி, ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களைப் பழைய ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கருப்பு அண்டர்கோட் தடிமனாகப் பூசிய இடத்தில்தான் அதிகம் குத்த வேண்டும். விற்கிறவர் பூசுகிற பவுடர் அது.

இங்கிலாந்துக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் எல்லாப் பழியும் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பின் மேல் விழும். நமக்கு அந்தக் கதை இல்லை. கடற்காற்று உண்டு, உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை இங்கே தகட்டைத் தின்பது உள்ளே தேங்கும் மழைநீர். கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடிக்கும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், கார்ப்பெட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிற ஊரில் அது காய நேரமே கிடைக்காது. அதனால் வெல்டிங் முடித்த கையோடு கண்ணாடி ரப்பரை மாற்றாதவர், அதே இடத்துக்கு இன்னொரு முறை காசு கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பாடி வேலைக்கு ஆள் தேடும்போது பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். பட்டி பூசுவதற்கு முன் அவர் செய்து வைத்திருக்கும் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். பிறையில் எனக்கு வேலை செய்த போமன் (மெக்கானிக்) முதலில் கேட்டதே, "அண்ணே, இது ஓடுற காடியா, நிக்கிற காடியா?" என்றுதான். நல்ல கேள்வி. ஓடுற காடி என்றால் சில் மேல் புதுத் தகட்டை ஒட்டி மூடுகிற வேலையே கூடாது. துருப்பிடித்ததை வெட்டி எடுத்து, ஆரோக்கியமான இரும்பு வரும்வரை போய், அங்கே புதுத்தகடு வைக்க வேண்டும். தரைக்கும் கிராஸ் மெம்பருக்கும் 1.2 மி.மீ. தகடு சரியாக இருக்கும். ஃபைபர் கிளாஸும் பட்டியும் இந்த இடங்களுக்கு ஆகவே ஆகாது.

சில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாயில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது, சக்கர அலைன்மெண்டும் நேராக வராது. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மூடிப் பார்த்தபடி வேலை போக வேண்டும். பேட்டரியைக் கழற்றுவது, பெட்ரோல் டேங்கை இறக்குவது, உள்ளே கார்ப்பெட்டை எடுப்பது எல்லாம் போமனுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வெல்டிங் தொடங்குமுன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடுகிற தகடுகளின் உள்முகத்தில் ஜிங்க் பிரைமர், வேலை முடிந்ததும் ஓரங்களுக்கு சீலர், பெட்டிக்குள்ளே மெழுகு. கண்ணுக்குத் தெரியாத இந்த மெழுகுதான் அடுத்த பல வருடங்களைத் தீர்மானிக்கும், இதற்குத்தான் யாரும் காசு கொடுக்க விரும்புவதில்லை.

பெயிண்ட் உங்கள் இஷ்டம். நிறத்தை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் மாற்றிவிடுங்கள்.

இனி புஷ். அந்த 'டொக்' சத்தம் பெரும்பாலும் டை பாரின் ரப்பரிலிருந்தோ, லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) உள்முனையின் புஷ்ஷிலிருந்தோ வரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகராமல் தடுப்பது டை பார்தான். அதன் ரப்பர் செத்துவிட்டால் சக்கரம் சற்றே பின்னே போய் இடிக்கும், காடியும் ஒரு பக்கம் இழுக்கும்.

ரப்பரா, பாலியூரித்தேனா (ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) என்று எல்லாரும் கேட்பார்கள். பாலியூரித்தேன் நீண்ட நாள் வரும், ஆனால் சாலையின் அதிர்வை அதிகமாக உள்ளே கொண்டுவரும், சரியான கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். அமைதியாக 60, 70 கி.மீ. வேகத்தில் போகிற காடிக்கு நான் நல்ல ரப்பரையே போடுவேன். டை பாருக்கு மட்டும் பாலியூரித்தேன் போட்டாலும் தவறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய கடையில் பிரிக்காத பெட்டியில் ஒரிஜினல் புஷ் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாங்காதீர்கள். ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகும்.

முன்பக்கத்தை நீங்களே கழற்ற நினைத்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். டார்ஷன் பார் முறுக்கேறி நிற்கிறது. லோவர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தாங்கலாகக் கொடுத்து, மெல்ல இறக்கி, முறுக்கைத் தளர்த்திய பிறகே எதையும் பிரிக்க வேண்டும். முன்பின் இதைச் செய்யாதவர் தெரிந்த போமனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

போல்ட்டை இறுக்குவதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. கையால் பிடிக்கும் அளவு முறுக்கிவிட்டு, காடியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும், பழி கடைக்காரர் தலையில் விழும். பின் ஸ்பிரிங்கின் நுனியைப் பிடிக்கும் ஷேக்கிளுக்கும் இதே முறைதான்.

பிரித்த கையோடு டிரனியன் (முன்சக்கரம் திரும்பும் மரையிட்ட மூட்டு) மரையையும் பாருங்கள். மைனரில் புஷ்ஷைவிட ஆபத்தானது அதுதான். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்து கழன்றால் முன்சக்கரம் அப்படியே மடிந்து விழும், ஓடிக்கொண்டிருக்கும்போது. ஆட்டம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். நான் ஏறக்குறைய 1,500 கி.மீ.க்கு ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி வைத்து கிரீஸ் அடிக்கிறேன். தூக்கினால்தான் எடை விலகி கிரீஸ் உள்ளே போகும்.

செலவைப் பற்றி: புஷ் செட் சின்னச் செலவு, வெல்டிங்கின் கூலிதான் பெரிது. தகட்டைத் திறந்து பார்க்காமல் யாராவது மொத்த விலை சொன்னால் அந்த விலையை நம்ப வேண்டாம். பணம் பற்றாவிட்டால் இந்த வருடம் கிராஸ் மெம்பர், சில், ஸ்பிரிங் பிடிக்கும் இடம், டிரனியன் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பெயிண்ட் காத்திருக்கட்டும். உங்களுடையது 948 சிசி என்றால் சாலை வரி 20 வெள்ளிதான் (ரிங்கிட்), 1098 சிசி என்றால் 55. அந்த வகையில் உங்கள் அப்பா நல்ல காடிதான் விட்டுப்போயிருக்கிறார்.

எல்லாம் முடிந்ததும் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு ஒருமுறை பினாங்குப் பாலத்தில் ஓட்டிப் பாருங்கள். பக்கக்காற்றில் காடி அலைகிறதா, இணைப்புகளைத் தாண்டும்போது முன்பக்கம் இடிக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், காடி தரையில் நிற்கும்போதே.