பித்தப்பை இல்லாவிட்டால் கல்லீரல் கெடுமா?

கேள்வி: கற்கள் இருந்ததால், நான்கு மாதங்களுக்கு முன்பு லேப்ராஸ்கோப்பி மூலம் என் மனைவியின் பித்தப்பையை அகற்றினார்கள். இனிக் கல்லீரலுக்குச் சுமை கூடி, அதுவும் கெட்டுவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை; கல்லீரலுக்குக் கூடுதல் வேலை எதுவும் வந்துவிடவில்லை. பித்தநீரைச் சுரப்பது எப்போதுமே கல்லீரல்தான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை அது சுரக்கும் பித்தநீரில் ஒரு பகுதியை வாங்கி, செறிவாக்கி, கொழுப்புள்ள உணவு வரும்வரை சேர்த்துவைப்பது மட்டுமே பித்தப்பையின் பணி. அந்தப் பை இல்லாதபோது பித்தநீர் நேரடியாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. சிலருக்கு இதனால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம்; அது பித்த அமிலங்கள் பெருங்குடலை எட்டுவதன் விளைவே தவிர, கல்லீரல் நோயின் அறிகுறி அன்று. நீடித்தால் அதற்கு மருந்து உண்டு.

பித்தப்பையை அகற்றியவர்களிடம் கொழுப்புக் கல்லீரல் சற்று அதிகம் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மைதான். ஆனால் உடற்பருமனும் சர்க்கரைநோயும் பித்தக்கற்கள், கொழுப்புக் கல்லீரல் ஆகிய இரண்டுக்குமே பொதுவான வேர்கள் என்பதால், பழியை அறுவைசிகிச்சையின் மீது போட்டுவிட முடியாது. உறவினர்களின் பேச்சைவிட, உங்கள் மனைவியின் எடையும் சர்க்கரை அளவுமே உங்கள் கவனத்துக்கு உரியவை.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். கண்கள் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப்போவது, மலம் வெளிறுவது, மேல்வயிற்று வலியோடு குளிர்காய்ச்சல் வருவது ஆகியவை பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான பித்தநாளத்தில் கல் தங்கியிருப்பதைக் காட்டக்கூடும். அந்த அடைப்பு நீடித்தால் கல்லீரல் மெய்யாகவே பாதிக்கப்படும் என்பதால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.