மருந்து போலியா, பேன் வேறா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர் தேயிலை, ஓரத்தில் பீன்ஸ். மாசியில் தேயிலை இலை செம்பு நிறமாகிவிட்டது. பீன்ஸ் இலையெல்லாம் வெளிர்ப் புள்ளி. கடையில் இமிடாகுளோப்ரிட் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் அடங்கவில்லை. போலி மருந்தா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: மருந்து அசலாகவே இருக்கலாம். அது அசுவினி, தத்துப்பூச்சிக்கானது. நீங்கள் சொல்லும் அடையாளம் சிலந்திப்பேனுடையது. எட்டுக்கால் இனமான அதை இமிடாகுளோப்ரிட் கொல்லாது, சில சமயம் பெருகவும் விட்டுவிடும்.

அடுத்த புட்டிக்கு முன் பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். தேயிலையில் முற்றிய இலையின் மேற்புறம், நடுநரம்பை ஒட்டிப் பாருங்கள். சிவந்த உருண்டை முட்டையும் உரித்த வெள்ளைத் தோலும் தெரிந்தால் தேயிலைச் செம்பேன். வறண்ட மாதங்களில், நிழலில்லாத இடத்திலும் மண்சாலைப் புழுதி படியும் ஓரத்திலும்தான் இது முதலில் தலைகாட்டும். பீன்ஸில் இலையைத் திருப்ப வேண்டும்: அடிப்புறம் மெல்லிய நூலாம்படை, முதுகில் இரண்டு கரும்புள்ளியோடு வெளிர்ப் பேன். கார்னேஷன், ரோஜா, ஸ்ட்ராபெரிக்கும் தாவுவது இதுதான். ஆக உங்களிடம் இரண்டு வகை இருக்கலாம்.

வெள்ளைத்தாள் மேல் இலையைத் தட்டியும் பார்க்கலாம். ஒல்லியாக நீண்டிருந்தால் இலைப்பேன் (த்ரிப்ஸ்), அது வேறு பூச்சி. பளபளவென்று வேகமாக ஓடுவது பெரும்பாலும் பேனைத் தின்னும் பேன், அதை விட்டுவைக்க வேண்டும். கண்டபடி பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

பீன்ஸுக்கு நனையும் கந்தகம் 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். லேபிளில் வேறு அளவிருந்தால் அதன்படி. அடிப்புறம் நனையாவிட்டால் காசு வீண். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். முட்டை தப்பிவிடும் என்பதால் 7 முதல் 10 நாளில் மறுபடி பாருங்கள்.

தேயிலைக்கு, தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புத் தொகுப்பில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். பறிப்புக்கு முன் விட வேண்டிய நாளையும் கேளுங்கள். மருந்து எச்சம் இருந்தால் பச்சிலை விலை போகாது. பழைய பேன்கொல்லியான டைக்கோஃபாலை யாராவது மலிவாக நீட்டினால் தொடாதீர்கள்.

பணம் விஷயம்: லேபிளில் சிலந்திப்பேன் என்று இல்லையென்றால் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. ‘பேனுக்கு’ என்று கேட்டு வாங்கியதற்கு ஆதாரமிருந்தால் கடைக்காரரைக் கேட்கலாம். இனி பாதித்த இலையைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பில்லில் மருந்துப் பெயரோடு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எழுதி வாங்குங்கள்.